கணினிக் கேள்வி–பதில்: பழைய எஸ்எஸ்டியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது?

லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் டேட்டாவைச் சேமிக்கிற டிரைவ், மாற்றுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். "சரி, கழற்றி எடுத்த பழையதை என்ன செய்வது?" என்று கேட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. என் சர்வீஸ் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பதும் இதைத்தான். அதனால் இந்த இதழ் முழுக்கப் பழைய டிரைவுக்கே.

கேள்வி: மேடம், கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். 2016-ல் வாங்கிய சாம்சங் 850 ஈவோ, 250 ஜிபி டிரைவ். டிரைவின் ஹெல்த்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் ‘குட் 91%’ என்று காட்டுகிறது. ஆனால் 177 என்ற வரியின் கடைசியில் ‘ஏஎஃப்’ என்று வருகிறது. அது எரர் கோடா? இவ்வளவு வயசான எஸ்எஸ்டி எதற்கும் ஆகாது, தூக்கிப் போடுங்கள் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போட்டுவிடலாமா?

பதில்: போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வரி வரியாகப் பார்த்தேன். நல்ல டிரைவ்.

ஏஎஃப் எரர் இல்லை, அது ஓர் எண். அந்த மென்பொருள் மூல எண்களைப் பதினாறின் அடிப்படையில் காட்டும். அதில் ஒன்பதுக்கு அப்புறம் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். மேலே ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதற்குள் ரா வேல்யூஸ் என்று போய் 10 டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நமக்குப் பழக்கமான எண்ணாக மாறிவிடும். ஏஎஃப் என்பது 175. உங்கள் டிரைவின் சிப்பில் உள்ள பிளாக்குகள், அதாவது மொத்தமாக அழிக்கப்படும் பகுதிகள், இதுவரை ஏறக்குறைய 175 முறை அழித்து எழுதப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இப்போது 241 என்ற வரிக்கு வாருங்கள். விண்டோஸ் இதுவரை எழுதச் சொன்ன மொத்த அளவு அங்கே இருக்கிறது. உங்கள் படத்தில் சுமார் 4,690 கோடி. ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் 24 டெராபைட். இந்த மாடலுக்கு சாம்சங் கொடுத்த வாரண்டி 5 வருஷம் அல்லது 75 டெராபைட் எழுத்து, எது முதலில் வருகிறதோ அது. ஆக, எழுத்தில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகியிருக்கிறது.

அப்படியென்றால் ஹெல்த் 68% என்றல்லவா வரவேண்டும், 91% எப்படி? காரணம், இரண்டும் ஒரே கணக்கு இல்லை. 75 டெராபைட் என்பது கம்பெனி வாரண்டிக்காகப் போட்ட எல்லை. 91 என்பது 177-ஆம் வரியிலிருந்து வருவது. பிளாக்குகள் எத்தனை முறை அழிக்கப்பட்டன என்பதிலிருந்து போட்ட கணக்கு. சிப் தாங்கக்கூடியது வாரண்டி எல்லையை விட மிக அதிகம். அமெரிக்காவின் டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழ் 2013 முதல் 2015 வரை சில எஸ்எஸ்டிகளை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கச் செய்து சோதித்தது. 250 ஜிபி அளவுள்ள சாம்சங் 840 சுமார் 900 டெராபைட் வரை போனது. 840 புரோ 2,400 டெராபைட்டைத் தாண்டியது. ஒவ்வொரு மாடலிலும் ஒன்றிரண்டு டிரைவ்தான் சோதித்தார்கள், அதனால் அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் 24 டெராபைட் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

இன்னொன்றும் அந்த இரண்டு எண்களிலேயே ஒளிந்திருக்கிறது. 175 முறை, ஒவ்வொரு முறையும் 250 ஜிபி என்றால் கிட்டத்தட்ட 44 டெராபைட். நீங்கள் எழுதச் சொன்னது 24, டிரைவ் உள்ளுக்குள் எழுதியது 44. இது தோராயக் கணக்குதான், ஆனால் இந்த 1.8 மடங்கு கவலைப்படுகிற அளவு இல்லை. ஏன் கூடுதலாக எழுதுகிறது என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வயசான டிரைவில் நான் முதலில் பார்ப்பது ஹெல்த் சதவீதத்தை அல்ல. 5 என்ற வரியையும் 187 என்ற வரியையும் பார்ப்பேன். முதலாவது, கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள். இரண்டாவது, படிக்க முயன்று திருத்தவே முடியாமல் போன பிழைகள். உங்களுக்கு இரண்டும் பூஜ்யம். 199-ல் 3 இருக்கிறது. அது டிரைவின் குறையாக இருக்க வாய்ப்பு குறைவு, கேபிள் அல்லது கனெக்டர் சரியாக உட்காராததால் வருவது. கழற்றித் துடைத்து அழுத்தி மாட்டுங்கள். அந்த எண் குறையாது. மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

ஸ்டுடியோவில் இதை எடிட்டிங் வேலைக்கான தற்காலிக டிரைவாக வையுங்கள், ஃபோட்டோஷாப்பின் ஸ்கிராட்ச் டிஸ்க்காக அருமையாக உழைக்கும். கல்யாண போட்டோக்களின் ஒரே பிரதியை மட்டும் இதில் வைக்கவேண்டாம்.

கேள்வி: அக்கா, தூத்துக்குடியில் பாலிடெக்னிக் படிக்கிறேன். எஸ்எஸ்டிக்குள் எதுவும் சுற்றுவதில்லை, அசைவதில்லை. அப்புறம் எது தேய்கிறது?

பதில்: நல்ல கேள்வி தம்பி. தேய்வது ஒரு மெல்லிய காப்புப் படலம்.

தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்காவும் அவருடைய குழுவும் 1987-ல் நான்ட் ஃப்ளாஷ் நினைவகத்தை வெளியுலகுக்குக் காட்டினார்கள். இன்றைய எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான். ஒரு செல்லுக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பார்கள். அவை வெளியே ஓடாமல் இருக்கச் சுற்றிலும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு படலம். கரண்ட் இல்லாவிட்டாலும் எலெக்ட்ரான் உள்ளேயே கிடக்கும், அதனால்தான் டேட்டா நிற்கிறது. ஆனால் எழுதவும் அழிக்கவும் 20 வோல்ட் அளவில் அழுத்தம் கொடுத்து அதே படலத்தின் வழியாகத்தான் எலெக்ட்ரான்களைத் தள்ளியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் படலத்தில் கொஞ்சம் சேதம். சில எலெக்ட்ரான்கள் படலத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். பல நூறு, பல ஆயிரம் முறைக்கு அப்புறம் செல்லில் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்பதைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது. அதுதான் தேய்மானம். படிப்பதால் இப்படித் தேய்வதில்லை. எழுதி அழிப்பதுதான் செலவு.

ஒரு செல்லில் எத்தனை பிட் திணிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆயுள் மாறும். ஒரு பிட் என்றால் 2 நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். இதுதான் எஸ்எல்சி, ஒரு லட்சம் முறை வரை தாங்கும் என்பார்கள். இரண்டு பிட் வைக்கிற எம்எல்சியில் 4 நிலை, சில ஆயிரம் முறை. மூன்று பிட் வைக்கிற டிஎல்சியில் 8 நிலை, ஆயிரத்திலிருந்து மூவாயிரம். நாலு பிட் வைக்கிற க்யூஎல்சியில் 16 நிலைகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஆயிரம், அல்லது அதற்கும் கீழே. கடையில் விலை குறைந்த டிரைவைக் கையில் எடுக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். டிஎல்சி வகையான சாம்சங்கின் 1 டெராபைட் 870 ஈவோவுக்கு 600 டெராபைட் வாரண்டி. அதே அளவுள்ள, க்யூஎல்சி வகையான 870 க்யூவோவுக்கு 360-தான்.

இப்போது அந்த 24-க்கும் 44-க்கும் உள்ள வித்தியாசம். ஃப்ளாஷில் எழுதுவது பேஜ் பேஜாக, சில கிலோபைட் அளவில். ஆனால் அழிப்பது பிளாக் பிளாக்காகத்தான் முடியும், ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேஜ்கள். எழுதிய பேஜின் மேல் மறுபடி எழுத முடியாது. ஒரு ஃபைலைத் திருத்தி சேவ் செய்தால் புது வடிவம் வேறு காலி பேஜில் போய் உட்காரும், பழைய பேஜ் குப்பை என்று குறிக்கப்படும். குப்பை சேர்ந்த பிளாக்கை அழிப்பதற்கு முன்னால் அதில் மிச்சமிருக்கிற நல்ல பேஜ்களை வேறிடத்துக்கு எடுத்து எழுதவேண்டும். நீங்கள் கேட்காத எழுத்து அது. டிரைவ் நிரம்பி வழிகிற நிலையில் இந்த இடமாற்றம் மிக அதிகமாகும். ஆகவே பத்தில் ஒன்று, முடிந்தால் இரண்டு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

ட்ரிம் என்ற கட்டளையும் இதற்காகவே வந்தது. ஒரு ஃபைலை நீங்கள் அழித்தால் அது விண்டோஸுக்குத் தெரியும், டிரைவுக்குத் தெரியாது. அந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவிடம் சொல்வது ட்ரிம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் இது இருக்கிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பியிலேயே காலம் ஓட்டிய எஸ்எஸ்டிகள் சீக்கிரம் சோர்ந்துபோனதற்கு இது இல்லாததும் ஒரு காரணம்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை. கழற்றிய குரூஷியல் எம்எக்ஸ்500, 250 ஜிபி சும்மா கிடக்கிறது. சிசிடிவி டிவிஆரில் மாட்டிவிடலாமா? ஹார்டு டிஸ்க் செலவு மிச்சமாகுமே.

பதில்: வேண்டாம் ஐயா. கணக்கைப் பாருங்கள்.

நாலு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 மெகாபிட், அதாவது நொடிக்கு ஒரு மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆக 86 ஜிபி. 250 ஜிபியில் மூன்று நாள் பதிவுகூட முழுசாக நிற்காது. வெள்ளிக்கிழமை காணாமல்போன பண்டலை செவ்வாய்க்கிழமை தேடினால் பதிவு அழிந்திருக்கும்.

தேய்மானத்துக்கு வருவோம். வருஷத்துக்கு 31 டெராபைட் எழுத்து. இந்த மாடலுக்கு வாரண்டி எல்லை 100 டெராபைட், மூன்று வருஷத்தில் அது முடிந்துவிடும், ஏற்கெனவே எழுதியது தனி. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு ஹார்டு டிஸ்க்குகள் வருஷத்துக்கு 180 டெராபைட் வேலைக்கென்றே செய்யப்பட்டவை. இரவு பகலாக வரிசையாக எழுதிக்கொண்டே இருக்கிற இந்த வேலையில் எஸ்எஸ்டியின் வேகத்தால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. அந்த டிரைவை பில் போடும் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கே நாளெல்லாம் எழுதினாலும் சில ஜிபிதான் ஆகும், மெஷின் திறக்கிற வேகத்தை உடனே உணர்வீர்கள். யுபிஎஸ் இருக்கட்டும்; கரண்ட் சட்டென்று போவது எஸ்எஸ்டிக்கு ஆகாது.

கேள்வி: எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்யலாமா?

பதில்: பழைய பாணி டிஃப்ராக் மென்பொருள்களை வைத்துச் செய்யாதீர்கள், வீண் எழுத்து. விண்டோஸில் இருக்கிற ஆப்டிமைஸ் டிரைவ்ஸை அப்படியே விட்டுவிடுங்கள். அது எஸ்எஸ்டியை அடையாளம் கண்டு, முக்கியமாக ட்ரிம் வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: அம்மா, திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளின் சின்ன வயசு போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் பழைய எஸ்எஸ்டி ஒன்றில் போட்டு, பீரோவில் நகைப்பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது. கவலைப்பட வேண்டியதில்லையே?

பதில்: இன்றைக்கே எடுத்து ஒரு கம்ப்யூட்டரில் செருகுங்கள் அம்மா. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலும் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் தள்ளிப்போட வேண்டாம்.

செல்லுக்குள் அடைத்த எலெக்ட்ரான் கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது மிக மெதுவாகக் கசியும். சிப்புகளுக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் என்ற அமைப்பின் தரவிதி ஒன்று இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டி, தன் வாரண்டி எழுத்தளவு முழுவதையும் எழுதித் தீர்த்த பிறகும், கரண்ட் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கவேண்டும் என்கிறது அது. அதிகம் உழைக்காத டிரைவ் இதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தாங்கும். அதே சமயம், வைத்திருக்கிற இடத்தின் சூடு ஐந்து டிகிரி ஏறினால் அந்தக் காலம் ஏறக்குறைய பாதியாகிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையின் இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே நிற்கப்போகிறது? தேய்ந்த டிரைவ், சூடான பீரோ, வருஷக்கணக்கில் கரண்ட் இல்லை. இந்த மூன்றும் சேர்வதுதான் ஆபத்து.

புது டிரைவிலும் இந்தக் கசிவின் தடயம் தெரிந்ததுண்டு. சாம்சங் 840 ஈவோவில் மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த ஃபைல்களைப் படிக்கும் வேகம் பாதாளத்துக்குப் போனது. 2014-ல் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள், போதாமல் 2015-ல் இன்னொன்று வெளியிட்டார்கள்.

செருகியதும் என்ன செய்ய? எல்லாவற்றையும் ஒரு சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். பத்துப் பதினைந்து வீடியோக்களைத் திறந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். சும்மா ஐந்து நிமிஷம் செருகி எடுத்தால் டேட்டா புதுப்பிக்கப்படும் என்று நம்பவேண்டாம். எல்லா டிரைவும் அப்படிச் செய்வதில்லை. எஸ்எஸ்டியை ஃபார்மட் செய்துவிட்டு ஹார்டு டிஸ்கிலிருந்து திரும்ப எழுதினால் அந்த செல்களில் மின்னூட்டம் புதிதாக ஏறும். வருஷத்துக்கு ஒரு முறை, பிறந்தநாள் மாதிரி ஒரு தேதி வைத்துக்கொண்டு இதைச் செய்தால் போதும். இன்னொரு பிரதி மூத்த பிள்ளை வீட்டில் இருக்கட்டும். ஒரே பீரோவில் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: கோவையில் முனைவர் பட்ட ஆய்வாளர் நான். என் எஸ்எஸ்டி ஹெல்த் 96% என்று காட்டியது. மறுநாள் லேப்டாப் அதை அடையாளமே காணவில்லை. மூன்று வருஷ ஆய்வுத் தரவு. 96% என்பது பொய்யா?

பதில்: படித்ததும் மனசு கனத்துப்போனது. பொய் இல்லை, ஆனால் அந்த எண் சொல்வது ஃப்ளாஷ் செல்களின் தேய்மானத்தை மட்டும்தான். ஒரு எஸ்எஸ்டியில் அவற்றைத் தவிர எல்லாவற்றையும் நிர்வகிக்கிற கன்ட்ரோலர் சிப், அதை ஓட்டுகிற ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள், மின்சாரம் கொடுக்கிற சின்னச் சின்ன பாகங்கள் எல்லாம் இருக்கின்றன. என் மேசைக்குச் செத்து வருகிற எஸ்எஸ்டிகளில் எழுதி எழுதித் தேய்ந்து வந்தது அபூர்வம். பெரும்பாலானவை நல்ல ஹெல்த்தோடு திடீரென்று போனவை.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடந்திருக்கிறது. 2011-ல் இன்டெல் 320 வரிசை டிரைவுகள் கரண்ட் போய் வந்ததும் மொத்தக் கொள்ளளவே 8 மெகாபைட் என்று காட்டின. குரூஷியல் எம்4 டிரைவ் 5,184 மணி நேரம் ஓடி முடிந்ததும் பதில் சொல்லாமல் நின்றது; தினம் எட்டு மணி நேரம் வேலை செய்கிற கம்ப்யூட்டரில் அது இரண்டு வருஷத்துக்குள்ளேயே வந்துவிடும். 2012 ஜனவரியில் ஃபர்ம்வேர் போட்டுச் சரிசெய்தார்கள். 2019-ல் ஹெச்பிஇ சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் டேட்டாவோடு சேர்ந்து செத்துப்போகும் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. இதில் எதுவும் தேய்மானம் இல்லை. அதனால்தான் பழைய டிரைவை மறுபடி உபயோகிப்பவர்களிடம், முதல் வேலையாகக் கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்குப் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா பாருங்கள் என்கிறேன். டேட்டாவை வெளியே எடுத்துவைத்த பிறகு போடுங்கள்.

உங்கள் டிரைவ் விஷயம். பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற அமைப்புத் திரையில், அது தன் பெயருக்குப் பதிலாக ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்பது மாதிரி வேறு பெயரில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஃபிசான் எஸ்11 கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் குலைந்திருக்கிறது, செல்களில் டேட்டா இன்னும் இருக்கலாம். யூடியூபைப் பார்த்துப் புது ஃபர்ம்வேரை ஏற்றிவிடாதீர்கள். டிரைவ் உயிர் பெறும், டேட்டா போய்விடும். அப்படியே கழற்றி, எஸ்எஸ்டியில் அனுபவம் உள்ள டேட்டா ரெக்கவரி ஆய்வகத்துக்குக் கொடுங்கள், மீட்டால்தான் கட்டணம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நெறியாளருக்கு அனுப்பிய மெயில்களின் இணைப்புகளையும் இப்போதே தேடி எடுங்கள். நிறையப் பேருக்குப் பாதி ஆய்வு அங்கேதான் திரும்பக் கிடைத்திருக்கிறது.

கேள்வி: கரூரில் ஆசிரியையாக இருக்கிறேன். என் பழைய 240 ஜிபி எஸ்எஸ்டியை அண்ணன் மகளின் பழைய லேப்டாப்புக்குக் கொடுக்க ஆசை. அதில் ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் இருந்தன. ஃபார்மட் செய்துவிட்டேன், போதுமா?

பதில்: அண்ணன் மகளுக்கு என்றால் போதும். வெளியாருக்கு விற்பதானால் போதாது. மேலே சொன்னேன் இல்லையா, பழைய பேஜ்கள் குப்பை என்று குறிக்கப்பட்டுக் கொஞ்ச நாள் உள்ளேயே கிடக்கும். ஃபுல் ஃபார்மட் போட்டுப் பூஜ்யமாக நிரப்பினாலும், டிரைவ் தன் உபரிக்காக ஒதுக்கிவைத்த பிளாக்குகளுக்கு அது எட்டாது. செக்யூர் இரேஸ் என்ற வசதி டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனியின் மென்பொருள் வழியாகவோ, சில மதர்போர்டுகளின் பயாஸ் வழியாகவோ இயக்கலாம். சில நிமிஷத்தில் எல்லா செல்லும் காலி. திரும்பத் திரும்ப எழுதி அழிக்கிற மென்பொருள்களை விட்டுவிடுங்கள், அவை ஹார்டு டிஸ்க் காலத்தவை. டிரைவைத் தேய்ப்பதுதான் மிச்சம்.

லேப்டாப் ரொம்பப் பழசாக இருந்து சாட்டா 2 இணைப்பாக இருந்தால் நொடிக்கு 280 மெகாபைட் அளவுக்குமேல் போகாது. கவலையில்லை, ஹார்டு டிஸ்கோடு ஒப்பிட்டால் குழந்தைக்கு அது புது லேப்டாப் மாதிரிதான் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, அந்த வயசு லேப்டாப்பில் 11 ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் 241-ஆம் வரி எண்ணையும் தேதியையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிரைவின் மேல் ஒட்டிவிடுங்கள். சில மாடல்களில் அந்த வரி வேறு அலகில் இருக்கும். குழம்பினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் வலது மேல்மூலையில் டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ் என்று ஜிபியிலேயே இருக்கிறது, அதை எழுதுங்கள்.

கேள்வி: கழற்றிய எம்.2 டிரைவுக்கு வாங்கிய யுஎஸ்பி கேஸில் டிரைவே தெரியவில்லை. டிரைவ் போச்சா?

பதில்: அநேகமாக இல்லை. எம்.2 என்பது வடிவம் மட்டும். உள்ளே இணைப்பு முறை சாட்டாவாகவும் இருக்கலாம், என்விஎம்இ-யாகவும் இருக்கலாம்; ஒன்றுக்கான கேஸில் மற்றது தெரியாது. தங்கநிறப் பற்களின் ஓரம் இரண்டு இடத்தில் வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. லேபிளைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஏற்கிற கேஸ்கள் கிடைக்கின்றன. கடையில் டிரைவைக் கொண்டுபோய் அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.